வீட்டுப் பெயரும் ஏட்டுப் பெயரும்: அயர்லாந்தில் ஆண் குழந்தைகள் பெயர் பெற்ற வரலாறு

'பேர் சொல்லப் பிள்ளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வழக்கு. பிள்ளை பேர் சொல்ல வேண்டுமானால் முதலில் பிள்ளைக்கு ஒரு பெயர் வேண்டும். கத்தோலிக்கக் குடும்பத்தில் அந்தப் பெயர் முதன்முதலாக எழுத்தில் ஏறும் இடம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு. ஆலயத்தின் கோபுரத்தையும் பீடத்தையும் வியந்து நோக்கும் நாம், அலமாரிக்குள் உறங்கும் அந்த ஏட்டை நினைப்பதே இல்லை. ஆயினும் ஒரு பங்கின் உண்மை வரலாறு அதில்தான் அடங்கியிருக்கிறது.

இந்த விழா மலருக்காகப் பழைய பதிவேடு ஒன்றைப் புரட்டிக் கொண்டிருந்தேன். சூசை, சவரிமுத்து, அந்தோணி, ஞானப்பிரகாசம், மரியதாஸ் என்று வரிசையாக வந்த பெயர்களுக்கு நடுவே 'பாட்ரிக்' என்றொரு பெயர் கண்ணில் பட்டது. தகப்பனார் பெயரும் தாயார் பெயரும் நம் ஊர்ப் பெயர்கள்தாம். பிள்ளை மட்டும் பாட்ரிக்! இப்பெயர் எங்கிருந்து வந்தது?

விடை காண்பது கடினமன்று. 1834ஆம் ஆண்டில் சென்னைத் திருச்சபையை வழிநடத்த நியமிக்கப்பெற்ற ஆயர் டானியேல் ஓ'கானர் அயர்லாந்து நாட்டவர். அவருக்குப் பின் வந்த ஆயர்கள் சிலரும் அந்நாட்டவரே. 1842இல் அயர்லாந்திலிருந்து பிரசென்டேஷன் சபைக் கன்னியர் சென்னையில் வந்திறங்கினர். 1875இல் பாட்ரீசியன் சகோதரர்கள் வந்து சேர்ந்தனர். மார்ச்சு 17ஆம் நாள் கொண்டாடப்படும் தங்கள் நாட்டுப் பாதுகாவலரின் திருநாளையும் அவர்கள் உடன் கொண்டு வந்தனர். அவரது பெயர் நம் நாட்டுப் பிள்ளைகள் சிலருக்கும் வாய்த்தது.

ஆனால் அந்தப் பெயரைத் தந்த நாட்டின் கதையோ கண்ணீர்க் கதை. அயர்லாந்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தால் அதற்குத் தாய்மொழியில் பெயர் வைக்கலாமா என்பது குடும்பத்தோடு நின்ற கேள்வியாக இருந்ததில்லை. அரசர்கள் அதற்குச் சட்டம் இயற்றினர். எழுத்தர்கள் அதைத் திருத்தினர். குருவானவர்களும் சில வேளைகளில் தயங்கினர். பெற்ற தாய் மட்டும் அடுப்பங்கரையில் பழைய பெயரையே சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டாள். அந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

புனிதரின் பெயரை இட அஞ்சிய மக்கள்

புனித பாட்ரிக் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். பிரித்தானியாவில் பிறந்து, ஏறக்குறைய பதினாறாம் வயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, அயர்லாந்தில் அடிமையாக மந்தை மேய்த்தவர். தப்பிச் சென்றவர், தம்மை அடிமை கொண்ட மக்களுக்கே நற்செய்தி சொல்லத் திரும்பி வந்தார். அவருடைய பெயர் 'பத்ரீசியுஸ்' என்ற இலத்தீன் பெயர். உயர்குடிப் பிறந்தவர் என்பது அதன் பொருள்.

இத்தகைய தந்தையின் பெயரை வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு இட்டிருப்பார்கள் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று! பல நூற்றாண்டுகள் வரை அயர்லாந்து மக்கள் அப்பெயரை நேரடியாகத் தம் பிள்ளைகளுக்கு இடவில்லை. அத்துணைப் பெரிய புனிதரின் பெயரைச் சேற்றில் விளையாடும் சிறுவனுக்கு வைப்பது மரியாதைக் குறைவு என்று கருதினர். எனவே 'மாய்ல் பாட்ரிக்' என்றும், 'கில்லா பாட்ரிக்' என்றும் பெயரிட்டனர். 'மாய்ல்' என்றால் தொண்டு பூண்டு தலைமுடி மழித்தவர். 'கில்லா' என்றால் பணியாள். அதாவது 'பாட்ரிக்கின் அடியான்' என்பது பெயர். இன்று 'ஃபிட்ஸ்பாட்ரிக்' என்று வழங்கும் குடும்பப் பெயர் இந்தக் 'கில்லா பாட்ரிக்' என்பதிலிருந்து வந்ததே.

தேவமாதாவின் பெயருக்கும் இதே வணக்கம். ஐரிஷ் மொழியில் தேவமாதாவை 'முய்ரே' என்பர். பெண் குழந்தைக்கு அந்த வடிவத்தை இடமாட்டார்கள். சற்றே மாற்றி 'மாய்ரே' என்றே வைப்பர். ஆண் குழந்தைக்கோ 'மாய்ல் முய்ரே' என்று பெயர். மரியன்னையின் அடியான் என்று பொருள். நம் பதிவேட்டில் உள்ள 'மரியதாஸ்' அன்றோ இது! 'கில்லா ஈஸா' என்பது நம் 'இயேசுதாசன்'. ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கள், பக்தியினால் ஒரே பெயரைக் கண்டெடுத்திருக்கின்றனர்.

அப்பெயர் தாங்கிய ஒருவரை இங்கு நினைவுகூர்வது தகும். குளொன்மக்நாய்ஸ் என்னும் புகழ்பெற்ற துறவற மடத்தில் மாய்ல் முய்ரே என்ற எழுத்தர் இருந்தார். ஐரிஷ் மொழியில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய கையெழுத்து நூல்களுள் ஒன்றான 'பழுப்புப் பசு நூல்' என்பதை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். கூகுலின் முதலிய கிறிஸ்தவத்துக்கு முந்திய வீரர்களின் கதைகள் அந்நூலில்தான் காப்பாற்றப்பட்டன. 1106ஆம் ஆண்டில் அம்மடத்தின் கற்கோவிலுக்குள்ளேயே கொள்ளையர் அவரைக் கொன்றனர். நாட்டின் பழங்கதைகளைக் காத்தவர் 'மரியன்னையின் அடியான்' என்ற பெயருடையவர் என்பதைப் பின்னால் வரும் செய்திக்காக வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன்.

நரி புறாவானது

மறை வேரூன்றிய காலத்தில் அயர்லாந்து மக்கள் தங்கள் பழைய பெயர்களைத் தூக்கி எறியவில்லை. அதே பெயர்களைத் தாங்கியே புனிதர்களானார்கள். குளொன்மக்நாய்ஸ் மடத்தை நிறுவிய கீரான் என்பவரின் பெயருக்குக் 'கருநிறச் சிறுவன்' என்று பொருள். கறுப்பன் என்று நாம் சொல்வதைப் போல. கிளெண்டலாக் பள்ளத்தாக்கில் தவம் செய்த குவீவீன் என்பாரையே உலகம் 'கெவின்' என்று அழைக்கிறது. இனிய பிறப்பு என்பது பொருள். கார்க் நகரின் பாதுகாவலர் ஃபின்பார்; வெண்முடியர். கடலோடிய பிரெண்டன், ஆர்ட்மோர் ஊரின் டெக்லன், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வேதசாட்சியாக உயிர்நீத்த கிலியன் ஆகிய அனைவரும் தாய்மொழிப் பெயர் தாங்கியே பீடத்தில் ஏறியவர்கள்.

இவர்களுள் புனித கொலம் கில்லவின் கதை இனிமையானது. 597இல் அயோனா தீவில் இறந்த இம்மாபெரும் துறவியின் முதற்பெயர் கிரிம்தன் என்று மரபு கூறும். கிரிம்தன் என்றால் நரி! பின்னர் அவர் 'கொலம் கில்ல', அதாவது 'திருச்சபையின் புறா' என்று அழைக்கப்பெற்றார். அந்தப் புறாவின் பெயரையே நூற்றுக்கும் மேற்பட்ட ஐரிஷ் புனிதர்கள் 'கொல்மான்' என்ற வடிவில் தாங்கியிருந்தனர். பெயர் மனிதனைப் புனிதனாக்குவதில்லை; மனிதனே பெயரைப் புனிதமாக்குகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வந்தேறிய பெயர்களும் வாளேந்திய சட்டங்களும்

1169ஆம் ஆண்டில் நார்மானியர் அயர்லாந்தில் கால் வைத்தனர். அவர்களோடு பெயர்களும் கப்பலேறி வந்தன. நார்மானியரின் பிரெஞ்சு வழக்கில் அருளப்பருக்கு வழங்கிய 'ழெஹான்' என்ற பெயர் ஐரிஷ் நாவில் 'ஷான்' ஆயிற்று. அதற்கு முன்னரே அருளப்பருக்கு 'ஓயின்' என்ற ஐரிஷ் வடிவம் இருந்தது. யாகப்பர் 'ஷேமஸ்' ஆனார். வில்லியம் 'உல்லியம்' ஆகி, அதன் வால் மட்டும் நின்று 'லியம்' ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1690இல் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் வென்று கத்தோலிக்க அயர்லாந்தின் நம்பிக்கையை நொறுக்கிய ஆங்கிலேய அரசர் மூன்றாம் வில்லியம். இன்றோ 'லியம்' என்றால் ஐரிஷ் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை என்றே உலகம் எண்ணுகிறது. இரண்டும் ஒரே பெயர்! 'பரம்பரைப் பெயர்' என்று நாம் போற்றுவதும் என்றோ ஒரு நாள் விருந்தாளியாக வந்ததாக இருக்கலாம். அன்போடு வந்த பெயரை மக்கள் தமதாக்கிக் கொள்வர். அதிகாரத்தோடு திணித்த பெயரோ முள்ளாக உறுத்தும்.

அதிகாரமும் வந்தது. 1366இல் இயற்றப்பட்ட கில்கென்னிச் சட்டம், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஆங்கிலப் பெயரையே தாங்க வேண்டுமென்றது. உள்ளூர் மக்களோடு கலந்து அவர்களைப் போலவே பெயரிட்டுக் கொண்டதே குற்றமாயிற்று. 1465இன் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் ஆங்கிலேயரைப் போல் உடுத்தி, ஓர் ஊரின் பெயரையோ நிறத்தின் பெயரையோ தொழிலின் பெயரையோ ஆங்கிலத்தில் குடும்பப் பெயராகக் கொள்ள வேண்டும் என்று அது கட்டளையிட்டது.

பதிவேட்டில் மாறிய பெயர்கள்

சட்டத்தால் முழுமையாக முடியாததைக் காலமும் வறுமையும் செய்து முடித்தன. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய தண்டனைச் சட்டங்களின் கீழ்க் கத்தோலிக்கர் நிலமும் கல்வியும் பதவியும் இழந்தனர். 1697இன் சட்டம் ஆயர்களையும் துறவற சபைக் குருக்களையும் நாடு கடத்தியது. திறந்தவெளியில் பாறைகளே பீடமாகத் திருப்பலி நடந்தது. அந்த நெருக்கடியில் பதிவேடு வைத்துக் காப்பது எளிதா? ஆதலின் அயர்லாந்தின் நாட்டுப்புறப் பங்குகளில் பெரும்பாலானவற்றின் ஞானஸ்நான ஏடுகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 19ஆம் நூற்றாண்டிலோதான் தொடங்குகின்றன.

அந்த ஏடுகளைத் திறந்தால் ஒரு வியப்பு. மக்கள் பேசியது ஐரிஷ் மொழி. ஏட்டில் இருப்பதோ இலத்தீன் அல்லது ஆங்கிலம். குழந்தை பிறந்த ஓரிரு நாட்களுக்குள்ளேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது அக்கால வழக்கம். பிள்ளையை ஞானத்தாய் கோவிலுக்குத் தூக்கிச் செல்வாள். பெற்றவளோ பொதுவாக வீட்டிலேயே படுத்திருப்பாள். ஆகவே தன் மகனின் பெயர் ஏட்டில் எப்படி ஏறியது என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

'டீர்மிட்' என்று அவள் அழைத்த பிள்ளை ஏட்டில் 'ஜெரமியாஸ்' ஆனான். 'டைக்' என்ற பெயருக்குக் கவிஞன் என்று பொருள். ஏட்டிலோ அவன் 'ததேயுஸ்' அல்லது 'திமோத்தி'. 'டொனகா' என்பவன் 'டெனிஸ்' ஆனான். 'ஓவன்' என்பவன் 'யூஜின்' ஆனான். 'டோனல்' என்பவன் 'டானியேல்' ஆனான். 'கொன்னர்' என்பவன் 'கொர்னேலியுஸ்' ஆனான். இவற்றுள் பொருள் ஒற்றுமை ஏதும் இல்லை. ஏதோ ஓர் எழுத்து, ஏதோ ஓர் ஓசை ஒத்திருந்தது. அதுவே போதுமென்று கொண்டனர். வெக்ஸ்ஃபர்ட் வட்டாரத்தில் புனித மேடோக் பெயரைத் தாங்கிய 'மோக்' என்ற சிறுவர்கள் சிலர் 'மோசே' ஆகிவிட்டனர்! செங்கடலைப் பிளந்தவருக்கும் வெக்ஸ்ஃபர்ட் உழவன் மகனுக்கும் உள்ள உறவு ஓர் எழுத்துதான்.

இதற்காக அக்காலக் குருவானவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. இலத்தீன் உலகத் திருச்சபையின் மொழி. ஏட்டை அம்மொழியில் எழுதுவது அவர்கள் பெற்ற பயிற்சி. கொர்னேலியுஸ் வேதசாட்சியாக இறந்த திருத்தந்தையின் பெயர். டெனிஸ் பாரிஸ் நகர வேதசாட்சியின் பெயர். பிள்ளைக்கு ஒரு புனிதரைப் பாதுகாவலராகக் கொடுத்தோம் என்றே அவர்கள் நினைத்திருப்பர். ஆனாலும் ஏதோ ஒன்று கைநழுவிப் போயிற்று என்பதை மறைக்க முடியாது.

அரசின் பிறப்புப் பதிவு 1864இல் தொடங்கியபோது அதுவும் ஆங்கிலத்திலேயே நடந்தது. பள்ளியிலும் ஆங்கிலப் பெயரே. சில ஊர்களில் சிறுவர் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, ஐரிஷ் மொழியில் பேசும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வெட்டு வெட்டி, மாலையில் வெட்டுகளை எண்ணி அடித்தனர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மடிந்தனர்; அதே அளவினர் கப்பலேறினர். இவர்களுள் ஐரிஷ் மொழி பேசிய ஏழைகளே மிகுதி. 1851இன் மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 15 இலட்சம் பேர் ஐரிஷ் மொழி அறிந்திருந்தனர். 1891இல் அத்தொகை சுமார் 6.8 இலட்சமாகச் சுருங்கிற்று. மொழி போன வழியே பெயரும் போயிற்று. வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர் என்று வாழ்ந்த மக்கள், நாளடைவில் வீட்டிலும் ஏட்டுப் பெயரையே சொல்லத் தொடங்கினர்.

புனிதர்களுக்கும் இதே கதி

இந்த இரட்டைப் பெயர் எளிய மக்களோடு நிற்கவில்லை. பீடமேறிய புனிதர்களையும் தொட்டது. திருத்தந்தையால் முறைப்படி புனிதர் பட்டம் அளிக்கப்பெற்ற முதல் ஐரிஷ்காரர் அர்மா நகரின் பேராயர் புனித மலாக்கி. 1148இல் புனித பெர்நார்துவின் கிளேர்வோ மடத்தில் உயிர்நீத்தார். 1190இல் புனிதர் பட்டம் பெற்றார். மலாக்கி என்பது பழைய ஏற்பாட்டு இறைவாக்கினரின் பெயர். ஆனால் அவருடைய தாய்மொழிப் பெயர் 'மாய்ல் மேடோக்'. புனித மேடோக்கின் அடியான் என்று பொருள். அடுத்து, டப்ளின் பேராயர் புனித லாரன்ஸ் ஓ'டூல். 1180இல் இறந்து 1225இல் பட்டம் பெற்றவர். இவரும் வீட்டில் லாரன்ஸ் அல்லர். 'லோர்க்கான்' என்பதே அவரது பெயர்.

மறைக்காக உயிர் கொடுத்தவர்களின் கதையும் இதுவே. டௌன்-கொன்னர் மறைமாவட்ட ஆயரும் பிரான்சிஸ்கன் துறவியுமான ஓ'டெவனி, ஏறக்குறைய எண்பது வயதில், 1612 பெப்ருவரி 1ஆம் நாள் டப்ளின் நகரில் தூக்கிலிடப்பட்டார். ஆவணங்களில் அவர் 'கொர்னேலியுஸ்'. மக்கள் நாவில் 'கொன்னர்'. காஷெல் பேராயர் ஓ'ஹர்லி காலில் தீச்சித்திரவதைக்கு உள்ளாகி 1584இல் தூக்கிலிடப்பட்டார். அவர் 'டீர்மிட்', ஆங்கில வழக்கில் 'டெர்மட்'. 1992 செப்டம்பர் 27ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அயர்லாந்தின் 17 வேதசாட்சிகளுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபோது இவ்விருவரும் அவர்களுள் இருந்தனர். அந்த நாளுக்குப் பிறகு, 'கொன்னர் கிறிஸ்தவப் பெயரா? டீர்மிட் கிறிஸ்தவப் பெயரா?' என்று கேட்பவர் யார்?

நம் சென்னை ஆயர் டானியேல் ஓ'கானரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 'ஓ' என்றால் வழித்தோன்றல். ஓ'கானர் என்றால் கொன்னரின் வழி வந்தவர். பிள்ளைகளின் பெயர்களிலிருந்து துரத்தப்பட்ட கொன்னர், குடும்பப் பெயருக்குள் ஒளிந்து கொண்டு சென்னைக் கடற்கரை வரை வந்து சேர்ந்திருக்கிறார்!

மீட்சி

1892ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் டப்ளினில் ஒருவர் சொற்பொழிவாற்றினார். அவர் டக்ளஸ் ஹைட். கத்தோலிக்கர் அல்லர், அயர்லாந்து சபைப் போதகரின் மகன். ஆங்கிலேயரை வெறுப்பதாகச் சொல்லிக் கொண்டே அவர்களைப் போல் உடுத்தி, அவர்களைப் போல் பேசி, பிள்ளைகளுக்கும் அவர்கள் பெயரையே வைக்கும் தம் மக்களை அவர் கடிந்து கொண்டார். மறு ஆண்டே கேலிக் சங்கம் தோன்றிற்று. குருவானவர் யூஜின் ஓ'கிரௌனி அதன் தூண்களுள் ஒருவர். மேனூத் குருமடத்தில் ஐரிஷ் மொழிப் பேராசிரியர். அவருடைய 'யூஜின்' என்பதும் 'ஓவன்' என்ற பெயரின் மாற்றுடைதான். பின்னர் 1938இல் ஹைட் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார்.

மீட்சி எளிதாக நடந்து விடவில்லை. 1905இல் டொனிகால் பகுதியைச் சேர்ந்த நீல் மக் கில்லா பிரீஜா என்பவர் தம் வண்டியில் தம் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதியிருந்தார். படிக்க முடியாத பெயர் எழுதினாரென்று வழக்கு வந்தது. அவருக்காக டப்ளின் உயர்நீதிமன்றத்தில் வாதாடியவர், பின்னர் 1916 எழுச்சியின் தலைவராக உயிர்நீத்த பாட்ரிக் பியர்ஸ். வழக்கு தோற்றது. தோற்ற அந்தப் பெயரின் பொருள் என்ன தெரியுமா? 'புனித பிரிஜித்தின் அடியானுடைய மகன்'. ஒரு புனிதையின் அடியான் தன் பெயரைத் தன் சொந்த வண்டியில் எழுதுவதும் குற்றமாயிருந்த காலம் அது.

ஆயினும் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நியூயார்க்கில் எட்வர்டு என்று ஞானஸ்நானம் பெற்ற டி வலேரா, 'ஏமன்' என்ற ஐரிஷ் வடிவத்தில் உலகறிந்த தலைவரானார். 'ஜெரமியா' ஓ'டோனவன் ரோசா என்ற பழைய போராளி, ஐரிஷ் மொழியில் எழுதுவோரிடம் மீண்டும் 'டீர்மிட்' ஆனார்.

'இந்தப் பெயரில் புனிதர் உண்டா?'

இப்போது ஒரு புதிய சிக்கல். கேலிக் சங்கத்தால் ஆர்வம் கொண்ட பெற்றோர் பழங்கதை வீரர்களான ஃபின், ஓஷீன் போன்றோரின் பெயர்களைப் பிள்ளைக்குச் சூட்ட விரும்பினர். குருவானவர் கேட்பார்: 'இந்தப் பெயரில் புனிதர் உண்டா?'

இக்கேள்வி காரணமின்றி எழுந்ததன்று. 1566இல் வெளியான திரிதெந்தீன் சங்கத்தின் ஞானோபதேசம், புனிதர் ஒருவரின் பெயரையே இடுக என்று அறிவுறுத்தியது. 1917இன் திருச்சபைச் சட்டம், பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் வைக்க இசையாவிடில், பங்குக்குரு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் ஏட்டில் எழுத வேண்டுமென்றது. அதாவது வீட்டுப் பெயரை அழித்துவிடச் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே எழுதச் சொன்னது. 1983இன் புதிய சட்டமோ, கிறிஸ்தவ உணர்வுக்கு முரணான பெயரை இடாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக்குருவும் கவனமாயிருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக் கொள்கிறது.

குருவானவரின் கேள்விக்கு விடை, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதே திருச்சபைக்குள் எழுதி வைக்கப்பட்டிருந்தது! நாடு கடத்தப்பட்ட ஐரிஷ் பிரான்சிஸ்கன் துறவிகள் 1607இல் பெல்ஜியம் நாட்டு லூவேன் நகரில் ஒரு கல்லூரி தொடங்கினர். அங்கிருந்து 1626இல் மைக்கேல் ஓ'கிளேரி என்ற எளிய துறவறச் சகோதரர் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அவர் குருவும் அல்லர். மடம் மடமாக, வீடு வீடாக அலைந்து, அழிந்து கொண்டிருந்த பழஞ்சுவடிகளைப் படியெடுத்தார். 1630இல் ஐரிஷ் புனிதர்களின் திருநாட்பட்டியலை நிறைவு செய்தார். ஆண்டின் நாள்தோறும் புனிதர்கள்; எல்லாரும் தாய்மொழிப் பெயர்களோடு! அதற்கும் முன்பே, ஏறத்தாழ 800ஆம் ஆண்டில், ஓங்குஸ் என்ற துறவி இத்தகைய நாட்பட்டியல் ஒன்றைச் செய்யுளில் பாடியிருந்தார். புனிதர் இல்லாத பெயர்கள் என்று கருதப்பட்ட பலவற்றுக்கும் அவற்றில் புனிதர்கள் இருந்தனர். 'ஃபின்' என்ற சொல்லுக்கு வெண்மை என்று பொருள். ஃபின்பார், ஃபினியன், ஃபின்டன் ஆகிய புனிதர்களின் பெயரெல்லாம் அவ்வேரில் முளைத்தவையே. ஓஷீன் கதையையும் நமக்குக் காத்துத் தந்தவர்கள் மடத்துத் துறவிகளும் அவர்கள் வழிவந்த எழுத்தர்களுமே. கற்கோவிலுக்குள் கொல்லப்பட்ட மாய்ல் முய்ரேயை இங்கு நினைத்துக் கொள்க.

இன்றைய வீடுகளில் எழும் கருத்துகள்

இன்றும் அயர்லாந்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தால் உறவினர் கூடிப் பேசும்போது பல கருத்துகள் எழும்.

பாட்டனார் சொல்வார்: 'முதல் மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர். இதுவே நம் முறை'. நம் ஊரிலும் பேரன் என்ற சொல்லே பெயரைத் தாங்குபவன் என்ற பொருளில் எழுந்ததாகச் சொல்வர். ஆனால் அயர்லாந்தில் இம்முறையைப் பின்பற்றினால் ஒரு கேள்வி: பாட்டனாரின் ஏட்டுப் பெயரான ஜெரமியாவை இடுவதா, அவருடைய பாட்டனாரின் வீட்டுப் பெயரான டீர்மிட்டை இடுவதா?

வெளிநாட்டில் வாழும் அத்தை சொல்வாள்: 'உச்சரிக்கத் தெரியாத பெயரை வைத்துப் பிள்ளையை வாழ்நாள் முழுவதும் விளக்கம் சொல்ல வைக்காதீர்கள்'. அவள் கூற்றிலும் நியாயம் உண்டு. 'டைக்' என்ற பெயரை எழுத ஐந்து எழுத்து. அவற்றுள் சில வாய்திறப்பதே இல்லை. உயிரெழுத்தின் மேலிடும் நீட்டற்குறியை அரசு அலுவலகக் கணினிகள் விட்டுவிடுகின்றன என்ற முறையீடு நெடுங்காலம் இருந்தது. 2021இல் வந்த ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் அக்குறியை மதித்துப் பதிய வேண்டுமென்று பொது நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது.

வடக்கே வாழும் தாய்க்கு வேறொரு கவலை இருந்தது. அங்கே பெயரைக் கேட்டதும் பையனின் மதம் தெரிந்துவிடும். ஷான் என்றோ ஷேமஸ் என்றோ விண்ணப்பத்தில் எழுதினால் வேலை கிடைக்குமா? வேலை வாய்ப்பில் மத வேற்றுமையைத் தடைசெய்யும் சட்டம் அங்கு 1976இல்தான் வந்தது. 'டைக்' என்ற பெயரையோ கத்தோலிக்கர் அனைவரையும் இழித்துரைக்கும் வசைச்சொல்லாகவே ஆக்கி வைத்தனர். கவிஞன் என்ற பொருளுடைய பெயர் வசையாயிற்று! அப்பெயரைப் பிள்ளைக்கு இடத் துணிவு வேண்டியிருந்தது. அந்தத் துணிவும் வீண் போகவில்லை. அண்மை ஆண்டுகளில் அயர்லாந்துக் குடியரசில் பெற்றோர் விரும்பிச் சூட்டும் ஆண் பெயர்களின் முன்வரிசையில் ஃபின், ஓஷீன், கிலியன் ஆகியவற்றோடு டைக்கும் இருக்கிறது.

ஏடு நமக்குச் சொல்வது

2015இல் அயர்லாந்தின் தேசிய நூலகம் பழைய கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேட்டுப் படங்களைக் கணினியில் எல்லாரும் காண வழி செய்தது. உலகெங்கும் சிதறிய ஐரிஷ் மக்களின் வாரிசுகள் அவற்றில் தங்கள் முன்னோரைத் தேடுகின்றனர். 'ஜெரமியாஸ்' என்ற வரியைக் கண்டு மகிழ்கின்றனர். ஆனால் அந்த ஜெரமியாஸ் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அப்பெயரால் அழைக்கப்படாமல் இருந்திருக்கலாம். அவன் தாய் வாசலில் நின்று 'டீர்மிட்!' என்று கூப்பிட்ட குரலை எந்த ஏடும் பதிந்து வைக்கவில்லை. இதுவே அந்த வரலாற்றின் ஆறாத துயரம்.

எனவே மரபுப் பெயரா, புனிதர் பெயரா என்ற வழக்குக்கு ஐரிஷ் திருச்சபையின் வரலாறு தரும் தீர்ப்பு இது: இரண்டும் பகையல்ல. கறுப்பன் என்ற பெயரோடு ஒருவர் மடம் நிறுவினார். நரி என்ற பெயரோடு பிறந்தவர் திருச்சபையின் புறாவானார். கொன்னர் என்று தாய் அழைத்தவர் தூக்குமேடையில் மறைக்குச் சான்று பகர்ந்தார். ஞானஸ்நானத் தண்ணீர் எந்த மொழிப் பெயரின் மீதும் சமமாகவே வழிகிறது. எந்தப் பெயரை வைத்தாலும், அது யாருடைய பெயர், அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வளர்ப்பதே பெற்றோரின் கடன்.

அன்பார்ந்த பங்கு மக்களே! இந்த விழா நாளில் உங்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த முறை பிள்ளையை ஞானஸ்நானத்திற்குக் கொண்டு வரும்போது, வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைக்கப் போகிறீர்களோ அதையும் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டு முதியவர்களின் ஏட்டுப் பெயரையும் வீட்டுப் பெயரையும் கேட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். நூறு ஆண்டுகள் கழித்து இப்பங்கு இன்னொரு யூபிலி கொண்டாடும்போது, நம் பேரன் பேத்தியரின் பிள்ளைகள் அந்த ஏட்டைத் திறப்பார்கள். அப்போது அவர்கள் காணும் பெயர், நாம் அன்போடு கூப்பிட்ட அதே பெயராக இருக்கட்டும்!

பெயர் சொல்லி நம்மை அழைத்த ஆண்டவர் நம் இல்லங்களையும், அவற்றில் பிறக்கவிருக்கும் மழலைகளையும் ஆசீர்வதிப்பாராக!